தொடைக்குள் முளைத்த எலும்பு

என் வலது தொடைச் சதைக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. பிறந்தபோது அது கிடையாது. நாற்பத்தாறு வயதில் முளைத்தது. நீளம் ஆள்காட்டி விரல் அளவு, அகலம் இரண்டு விரல். பக்கத்திலேயே இருக்கும் தொடை எலும்போடு அதற்கு எந்த ஒட்டும் கிடையாது. சதைக்கு நடுவில் தனியாகக் கிடக்கிறது.

துறைமுகத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கும் வாயால் விளக்கத் தெரியாது. நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகப் பின்னால் போய் நிற்கிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததைத்தான் இதில் பார்ப்பீர்கள்.

எனக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினில் வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஐஸ் கம்பெனியில் இருந்தேன். மெஷின் வேலை என்றால் குந்தி உட்கார்ந்து, ஐஸ் பாரில், அதாவது நீளமான முழு ஐஸ் கட்டியில், கொக்கியை மாட்டி இழுத்து, மெஷின் வாயில் தள்ள வேண்டும். பிறகு எழ வேண்டும். மறுபடியும் குந்த வேண்டும். முழங்கால் மடங்காதவனுக்கு அங்கே இடம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம். ஐஸுக்கு அடிதடியாக இருந்தது. என் மனைவி வசந்தாவின் அண்ணன் ஏழுமலை கனகசெட்டிக்குளத்துக்காரர், விசைப்படகு ஒன்றில் சின்னப் பங்கு வைத்துக்கொண்டு அதிலேயே வேலை செய்கிறவர். தன் படகுக்கு ஐஸ் ஏற்ற வந்திருந்தார். லாரியிலிருந்து பலகை வழியாக ஐஸ் பாரைச் சறுக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். மேலே நின்ற அவருடைய கொக்கி நழுவியது. முழு பார் ஒன்று பலகையில் வழுக்கிக்கொண்டு வந்து என் தொடையின் முன்பக்கத்தில் மோதியது. பின்னால் மெஷினின் இரும்புச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் என் கால்.

"மாப்ள! மாப்ள, இன்னா ஆச்சு?" என்று மச்சான் குதித்து இறங்கினார்.

"ஒன்னும் இல்ல மச்சான்," என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அந்த நிமிடத்தை இப்போது நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. என்னைச் சுற்றி ஒரு லாரி நிறைய ஐஸ். காலுக்கடியில் ஐஸ் தூள். அதில் ஒரு பிடி அள்ளித் தொடையில் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐஸ் மீனுக்கு, அடிபட்ட மனிதனுக்குச் சுட வைத்த எண்ணெய். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மச்சானின் கைக்குத் துறைமுகத்தில் நல்ல பேர். கழுத்துப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு எதுவாக இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று சாயந்திரமே விளக்கெண்ணெயோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தொடை ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

"செத்த ரத்தம் ஒரே எடத்துல நின்னுச்சுன்னா கட்டிக்கும் மாப்ள. அழுத்திக் கலைச்சு உட்டுரணும்," என்று சொல்லி இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி உருவ ஆரம்பித்தார்.

"மெதுவாண்ணா. அது காலு, கவுறு இல்ல," என்றாள் வசந்தா.

"நீ சும்மா இரு. ஒம் புருசன் வாயத் தொறக்கறானா பாரு. வலிச்சா கத்த மாட்டானா?"

நான் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்து நாள், காலையும் மாலையும் உருவினார். கடலுக்குப் போகிற வேலையை அந்தப் பத்து நாளும் விட்டுவிட்டார். எதற்காக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நழுவியது அவர் கொக்கி என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வீக்கம் வடிந்தது. ஊதா மஞ்சளாகி மறைந்தது. ஆனால் மூன்றாவது வாரம் தொடைக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. நாளாக ஆகக் கெட்டி கூடியது. முழங்காலை மடக்கினால் பாதியில் நின்றுவிடும். குந்த முடியவில்லை. மெஷினில் எனக்குப் பதிலாக வேறு ஆள் நின்றான். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

சாரம் பகுதியில் ஒரு சின்ன கிளினிக்கில் எக்ஸ்-ரே எடுத்தோம். தொடை எலும்புக்குப் பக்கத்தில், சதை இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல வெள்ளையாக ஒரு மேகம். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க. தள்ளிப் போடாதீங்க," என்றார். என்ன என்று கேட்க எனக்குக் கூச்சம். வசந்தாவுக்குப் பயம். மச்சான்தான் கேட்டார்.

"எலும்புல வர்ற கட்டியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி வைத்தியம். சீட்டு வாங்க ஒரு வரிசை, நம்பர் கூப்பிட ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. என் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மச்சான் எல்லா வரிசையிலும் எனக்காக நின்றார். கூப்பிடும்போது மட்டும் நான் போய் உட்காருவேன்.

முதல் டாக்டர் கேட்டார்: "அடி ஏதாவது பட்டுச்சா?"

"லேசா பட்டுச்சு சார்."

"அதுக்கப்புறம் எண்ணெய் போட்டு உருவறது, நீவி உடறது, அந்த மாதிரி யாராவது செஞ்சாங்களா?"

மச்சான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவது என் காதில் கேட்டது. பத்து நாள் வேலையை விட்டுவிட்டு வந்த கை அது. அதைப் பிடித்து இழுத்து டாக்டர் மேஜைமேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லைங்க சார்," என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஒரு தடவை ஃபைலில் ஏறிய பொய் நமக்கு முன்னால் நடந்து போய்விடுகிறது. இரண்டாவது அறையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "மசாஜ் எதுவும் இல்லையே?" என்றுதான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும். மூன்றாவது அறையிலும் அப்படித்தான்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, காந்தத்தால் சதையைப் படம் பிடிக்கிற மெஷின். உள்ளே சம்மட்டியால் தகரத்தை அடிப்பதுபோலச் சத்தம். அசையக் கூடாது என்றார்கள். எனக்கு அது கஷ்டமே இல்லை, ஐஸ் கம்பெனியில் அதைவிடச் சத்தம். ஆனால் வந்த படம் யாருக்கும் பிடிக்கவில்லை. கட்டியைச் சுற்றி எல்லாம் வீங்கி, பார்க்கப் பயமாக இருக்கிறதாம். அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்-ரே ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும். சி.டி., ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு விதமாவும் சொல்லலாம்," என்றார்கள்.

எனவே பயாப்ஸி. கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதற்காக வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கெட்டதாக, அதாவது புற்றாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வசந்தா கேட்டாள். முதலில் ஊசி மருந்து, பிறகு ஆபரேஷன் என்றார்கள். "காலைக் காப்பாத்தத்தான் பாப்போம்," என்றார்கள். அந்தப் 'பாப்போம்' என்ற கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் படுத்துக்கொண்டே அந்தக் கட்டியை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். ஓரம் கல்லாக இருக்கும். நடுவில் அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு கொத்தனார். மாடியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, வெயிட் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பேச்சு நிற்காத ஆள்.

"ஏன்பா, ஒங்க மச்சானுக்கு வேற வேல வெட்டி இல்லியா? நானும் மூணு நாளா பாக்கறேன். எம் பொண்டாட்டிகூட இப்டி என்னப் பாத்துக்கல," என்பார்.

"ஒம் பொண்டாட்டி ஒன்னிய பாத்து பாத்து அலுத்துப் போயிருப்பா," என்பார் மச்சான். ராத்திரி என் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பார், விடிந்ததும் போய்ச் சுடுதண்ணீர் பிடித்து வருவார். நான் வெளிக்குப் போக வேண்டுமென்றால் தோளைக் கொடுப்பார். குந்த முடியாத எனக்காக எந்தக் கழிவறையில் நாற்காலி மாதிரிப் பீங்கான் இருக்கிறது என்று மூன்று மாடியும் ஏறித் தேடி வைத்திருந்தார்.

பயாப்ஸிக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தக் கொத்தனார் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டெம் செல்லாம்பா. ஊசியில ஏத்துனா புதுச் சதையே வளருதாம்," என்று மச்சானிடம் காட்டினார். மச்சான் அதை இரண்டு தடவை பார்த்தார். அந்த நேரம் பார்த்து வார்டு டாக்டர் அம்மா வந்தார். சின்ன வயசு, விறுவிறுவென்று நடப்பார். மச்சான் வழியை மறித்துக்கொண்டார்.

"அம்மா, இந்த ஸ்டெம் செல்லு எங்க கெடைக்கும்? படகுல எம் பங்க வித்தாவது வாங்கிடறேன். கட்டிய எடுத்த எடத்துல அதப் போட்டு எங்க மாப்ள காலச் சரி பண்ணிடுங்க."

டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதையும் வித்துடாதீங்க. அது அவருகிட்டயே நெறைய இருக்கு."

"எங்க இருக்கு?" என்று கேட்டது நான்தான். எனக்கே ஆச்சரியம். சேர்ந்த நாளிலிருந்து நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சீட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாக வரைந்தார். "தசைன்னா நூல் கட்டு மாதிரி. ஒவ்வொரு நூலுக்கும் மேல மெல்லிசா ஒரு உறை. நூலுக்கும் உறைக்கும் நடுவுல சின்னச் சின்னதா சில செல் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் தசையோட ஸ்டெம் செல். சும்மா இருக்கறப்ப தூங்கும். அடிபட்டு நூல் அறுந்தா முழிச்சிக்கும். ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்புறம் அறுந்த நூலோட ஒட்டிக்கிட்டு அதுவே புதுத் தசையா ஆயிடும்."

"எல்லாம் தசையா ஆயிட்டா, அடுத்த தடவ அடிபட்டா என்னம்மா பண்றது?"

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி. எல்லாம் ஆகாது. கொஞ்சம் திரும்பிப் போய்ப் படுத்துக்கும். அடுத்த தடவைக்காக."

உடம்புக்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது எனக்கு நாற்பத்தாறு வருடம் தெரியாது. சுமை தூக்கி, அடிபட்டு, மறுநாள் வேலைக்குப் போன ஒவ்வொரு தடவையும் யாரோ உள்ளே எழுந்து வேலை பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்ப் படுத்திருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"அவங்க மட்டும் தனியா வேல செய்ய முடியாது," என்று டாக்டர் அம்மா தொடர்ந்தார். "கூட வேற செல்லுங்களும் இருக்கு. கொத்தனாருக்குச் சித்தாள் மாதிரி. வேல முடிஞ்சதும் இவங்க கலைஞ்சு போயிடணும். ஆனா வேல நடக்கற எடத்தையே திரும்பத் திரும்ப நசுக்கிக்கிட்டு இருந்தா, புதுசு புதுசா ரத்தம் கசியும். அந்தச் சித்தாளுங்க போக மாட்டாங்க. சில பேருக்கு அவங்க கொழம்பிப் போயி, தசை கட்ட வேண்டிய எடத்துல எலும்பு கட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"கலவ போட்ட எடத்த மிதிச்சிக்கிட்டே இருந்தா செவுரு எப்டி எழும்பும்?" என்றார் கொத்தனார்.

"எலும்பாகணுமா தசையாகணுமான்னு அதுக்கு யாரும்மா சொல்றது?" என்று கேட்டேன்.

"அக்கம்பக்கத்துல என்ன நடக்குதோ அதப் பாத்துத்தான் முடிவு பண்ணும். முழுசா எப்படின்னு எங்களுக்கும் இன்னும் தெரியாது." எழுந்துகொண்டார். "அதனாலதான் ஒங்ககிட்ட உருவி உட்டாங்களான்னு மூணு எடத்துல கேட்டிருக்கோம். ஒங்களுக்குத்தான் அப்படி ஒன்னும் இல்லையே."

அவர் இரண்டு அடி நடந்துவிட்டார். மச்சானை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் திரும்பினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாம்மா," என்றார் மச்சான். "அடியும் லேசு இல்ல. முழு ஐஸ் பாரு, என் கொக்கியிலேர்ந்து வந்தது. பத்து நாளு, ரெண்டு வேள, நான்தான் உருவினேன்."

"எவ்ளோ அழுத்தி?"

மச்சான் காலிக் கட்டில் ஒன்றின் மெத்தையில் இரண்டு கட்டைவிரலையும் ஊன்றிக் காட்டினார். விரல் கணு வரைக்கும் உள்ளே போனது.

டாக்டர் அம்மா திட்டவில்லை. என்னைக் கம்ப்யூட்டர் இருந்த மேஜைக்கு அழைத்துப் போய் சி.டி. படத்தை மறுபடியும் திறந்தார். என் தொடையைக் குறுக்காக வெட்டிய படம். வட்டமாக அந்தக் கட்டி. ஓரம் வெள்ளையாக, ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போன வளையல்போல. நடு கருப்பாக.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கே பார்த்தேன் என்று.

"அம்மா, இது எங்க ஐஸ் மாதிரி இருக்கு. பாதியில தூக்குன ஐஸ்."

"எப்படி?"

"தகர அச்சுல தண்ணி ஊத்தி உப்புத் தண்ணித் தொட்டியில எறக்குவோம். வெளிப்பக்கம்தான் மொதல்ல கட்டும். நடுவுல கடைசி வரைக்கும் தண்ணியா நிக்கும். அவசரப்பட்டுத் தூக்குனா இப்படித்தான் இருக்கும்."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதத்தான் நாங்க புஸ்தகத்துல படிக்கறோம். காயத்தால வர்ற எலும்பு வெளியிலேர்ந்து உள்ள கட்டிக்கிட்டே போகும். கெட்ட கட்டி பெரும்பாலும் அதுக்கு நேர்மாறா இருக்கும், நடுவுல முத்தினது, ஓரத்துல எளசு. ஒங்களுக்கு வளையம் முழுசாகல. பெரிய அடியும் இல்ல, உருவவும் இல்லன்னு எழுதியிருந்ததால தீர்மானமா சொல்ல முடியல."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பருவத்தில் நடுவிலிருந்து துண்டு எடுத்தால், அங்கே வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிற இளம் செல்களைப் பார்த்து, கெட்ட கட்டி என்றே தவறாக முடிவு செய்ய இடம் உண்டாம். அப்புறம் தேவையில்லாத மருந்து, தேவையில்லாத ஆபரேஷன். இவ்வளவுக்கும் காரணமாக இருந்திருக்கும், நான் சொன்ன "இல்லைங்க சார்."

அன்று சாயந்திரம் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். நான் சொன்னேன். பயாப்ஸியை நிறுத்தி வைத்தார்கள். நான்கு வாரம் பொறுத்து மறுபடியும் சி.டி., வளையம் முழுசாகியிருந்தால் கத்தியே வேண்டாம் என்றார். "ஆகலன்னா?" என்றாள் வசந்தா. "அப்ப துண்டு எடுத்தே ஆகணும்," என்றார்.

அவர் போனதும் மச்சானைத் தேடினேன். பாய் சுருட்டியபடி இருந்தது. ஆள் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. "கோவத்துல போய்ட்டாரு," என்றார் கொத்தனார். வசந்தா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் வலி.

மறுநாள் காலை வார்டு வாசலில் சத்தம். காவலாளி ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தகராறு செய்துகொண்டிருந்தார்.

"மீனெல்லாம் உள்ள உட மாட்டோம்."

"மீன் இல்ல சார், ஐஸ்தான்."

"மீன் இல்லாம ஐஸ் மட்டும் எதுக்குய்யா?"

மச்சான் பெட்டியோடு வந்தார். தேங்காய்த்திட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், வேட்டி முழுக்க ஈரம். டாக்டர் அம்மாவிடம் நேராகப் போய், "இத வெக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"அடிபட்ட அன்னிக்கு வெச்சிருக்கணும். இப்ப வேணாங்க."

"அப்ப இத இன்னா பண்றது?"

"இங்க குடு, மோருல போட்டுக்கலாம்," என்றார் கொத்தனார்.

"அது மீன் ஐஸுங்க, குடிக்கக் கூடாது," என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்யா நீ சொல்லல?"

"நீங்க பின்னால நின்னுட்டு இருந்தீங்க மச்சான்."

"நான் நின்னா இன்னா? நாளைக்கு ஒங் கால எடுத்திருந்தா, நான் எங்கய்யா போய் நிப்பேன்?"

அவருடைய ஈர வேட்டியைத் துடைக்க என் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு வாரம் வீட்டில் இருந்தேன். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை. யாரும் தொடக் கூடாது, நானும் அழுத்திப் பார்க்கக் கூடாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விரல் தானாகத் தொடைக்குப் போகும். வசந்தா தட்டிவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிப்பேன். நூல் ஓரத்தில் எழுந்துகொண்டவர்கள் எத்தனை பேர், வழி தவறியவர்கள் எத்தனை பேர். இரண்டு கூட்டமும் ஒரே தொடைக்குள் பக்கம் பக்கமாக வேலை செய்துகொண்டிருக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நசுங்கிக்கொண்டே இருந்த இடத்துக்குக் கல் வேண்டும் என்று நினைத்து அவர்கள் எலும்பு கட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஸ்கேன் அன்று மூன்று பேரும் போனோம். காத்திருக்கும் இடத்தில் மச்சான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மா படத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். விட்டுப்போன இடம் மூடியிருந்தது. முழு வளையம்.

"ஒங்க ஐஸ் கட்டிடுச்சு," என்றார்.

வசந்தா அங்கேயே அழுதாள். அதன் பெயர் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று எழுதிக் கொடுத்தார், அடிபட்ட தசைக்குள் எலும்பு உண்டாவது. கெட்டது இல்லை. வெட்டி எடுக்கவும் வேண்டாம். நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கலாம், அப்படியே இருக்கவும் செய்யலாம். முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்ல முடியாது என்றார்.

பிறகு பிசியோதெரபி. யாரும் பிடித்து மடக்குவது கிடையாது. நானே, வலி ஆரம்பிக்கிற இடம் வரை, மெதுவாக மடக்க வேண்டும். நன்றாகப் புதுப்பித்துக்கொள்ளத் தசைக்கும் வேலை வேண்டுமாம், ஆனால் அடி வேண்டாமாம். மச்சான் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்து எண்ணுவார். நான் பாதியில் திணறும்போது அவர் கை முன்னால் வரும். முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றுவிடும். திரும்பிப் போய் அக்குளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மழைக்காலம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன், ஸ்டூலுக்குத்தான். முழங்கால் முக்கால்வாசிக்கு மேல் மடங்கவில்லை. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நானும் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு காலை, படகிலிருந்து மீன் கூடை இறக்கும்போது கயிறு அறுந்து ஒருவருக்குக் கெண்டைக்காலில் பலமான அடி. தரையில் உட்கார்ந்து கத்தினார். நாலு பேர் ஓடிப்போய் மச்சானை அழைத்து வந்தார்கள். யாரோ எண்ணெய் பாட்டிலையும் கொண்டு வந்துவிட்டார்கள்.

மச்சான் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். "யாரும் தொடாதீங்க. உருவுனா உள்ள எலும்பு மொளைக்கும்."

"இன்னாண்ணா ஒளர்ற?"

"ஒளர்றனா? மாப்ள! ஐஸ் எடுத்துக்கினு வா!"

நான் பாரின் மூலையை உடைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அடிபட்டவர் காலில் வைத்து லேசாகப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, காலை ஆட்டக் கூடாது, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்றேன். எல்லோரும் கேட்கும்படி நான் இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் அடிபட்ட காலைக் குனிந்து பார்த்தார்கள்.

மச்சான் மட்டும் அவர் காலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார் மெதுவாக. "நீ குந்திக்கினு இருக்க."

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில். இரண்டு முழங்காலும் மடங்கி இருந்தன.